‘துதியுங்கள்’ என்றால் என்ன செய்வது? எபிரெய வேதத்தின் வழிபாட்டைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாய் விரித்து உட்கார்ந்து நடத்தும் ஒரு சின்ன வேதபாட வகுப்பு எங்களுடையது. ஒருநாள் பாடத்துக்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: “துதி என்றால் என்ன?” கைதட்டிப் பாடுவது என்றார் ஒரு அக்கா. ஆயிரம் ஸ்தோத்திரம் அச்சிட்ட புத்தகத்தை விடியற்காலையில் சொல்லி முடிப்பது என்றார் இன்னொருவர். மூலையில் சுவரில் சாய்ந்திருந்த ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே, “பிரசங்கத்துக்கு முன்னாடி வர்ற அரை மணி நேரம் தம்பி” என்றார்.

மூன்றுமே தப்பில்லை. ஆனால் பழைய ஏற்பாட்டைத் திறந்து பார்த்தால் குப்புற விழுவது, அழுவது, கடவுளிடம் கோபித்துக்கொள்வது, செய்த குற்றத்தை ஒப்புக்கொள்வது, ஊரைக் கூட்டிச் சாப்பிடுவது என எல்லாமே வழிபாட்டுக்குள் வருகிறது. அந்தப் பரப்பைப் புதியவர் ஒருவர் எந்த வரிசையில் படித்தால் கைக்கு வரும் என்பதை இங்கே எழுதுகிறேன். எபிரெய மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதல் படி: கையில் என்ன இருக்க வேண்டும்

இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகள் போதும். ஒன்று, சீர்திருத்த சபைகள் வாசிக்கும் பழைய திருப்புதல். இதன் அடிப்படை 1871-இல் வந்த ஐக்கியத் திருப்புதல். இன்னொன்று, 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம். ஒரே வசனத்தை இரண்டிலும் வைத்துப் பார்க்கும்போது வேறுபடும் இடங்களில்தான் எபிரெயச் சொல் ஒளிந்திருக்கும். 136-ஆம் சங்கீதத்தில் ஒன்று “அவர் கிருபை என்றுமுள்ளது” என்கிறது, மற்றொன்று “என்றும் உள்ளது அவரது பேரன்பு” என்கிறது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ‘ஹெஸெத்’ என்ற ஒரே சொல். கொடுத்த வாக்கை விட்டு நகராத அன்பு அது. கிருபை, பேரன்பு இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் ஓரளவு பொருள் கிடைக்கும்.

ஆரம்பத்திலேயே இரண்டு குழப்பங்களைத் தீர்த்துக்கொள்ளுங்கள். முதலாவது எண் குழப்பம். திருவிவிலியத்தில் சங்கீத எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒன்று குறைவான இன்னொரு எண் இருக்கும். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு 9, 10 சங்கீதங்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டதால் வந்த வித்தியாசம் அது. அச்சுப்பிழை இல்லை. எபிரெயப் பதிப்புகளில் தலைப்பையும் வசனமாக எண்ணுவார்கள். அதனால் நமக்கு 19 வசனமாக இருக்கும் 51-ஆம் சங்கீதம் அங்கே 21 வசனம்.

இரண்டாவது, கடவுளின் பெயர். ‘கர்த்தர்’ என்றும் ‘ஆண்டவர்’ என்றும் நாம் வாசிக்கும் பெரும்பாலான இடங்களில் மூலத்தில் நான்கு எழுத்துகள் கொண்ட தனிப்பெயர் இருக்கிறது. யூதர்கள் அதை உச்சரிப்பதில்லை. ஜெபத்தில் ‘அதோனாய்’ என்று வாசிப்பார்கள், பேச்சுவழக்கில் ‘ஹஷேம்’ (அந்தப் பெயர்) என்பார்கள். நம் பாட்டுகளில் அந்தப் பெயரைத் தாராளமாகப் போடுகிறோம். யூதர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது அதைத் தவிர்ப்பது மரியாதை.

இரண்டாம் படி: ஐந்து வினைச்சொற்கள்

‘ஆராதனை’, ‘துதி’, ‘ஸ்தோத்திரம்’ எல்லாம் நமக்குப் பெயர்ச்சொற்கள், நிகழ்ச்சி நிரலில் எழுதும் சொற்கள். எபிரெயத்தில் இவை முதலில் வினைகள். யாரோ எதையோ உடம்பால் செய்கிறார்கள்.

முதல் வினை, தரையில் விழுவது. ‘தொழுதுகொள்’ என்று நாம் வாசிக்கும் இடங்களில் பெரும்பாலும் இருப்பது ‘ஹிஷ்தஹவா’. முகம் தரையில் படக் குனிவது. நம் ஊர் சாஷ்டாங்கத்துக்குப் பக்கத்தில் வரும். மோரியா மலைக்குப் போகும் வழியில் ஆபிரகாம் வேலைக்காரர்களிடம், தானும் பிள்ளையும் போய்த் தொழுதுகொண்டு திரும்பி வருவோம் என்கிறார் (ஆதியாகமம் 22:5). அடுத்த அதிகாரத்திலேயே, சாராளை அடக்கம்பண்ண நிலம் கேட்டு ஏத்தின் புத்திரருக்கு முன்னால் வந்தனம் செய்கிறார் (23:7). மூலத்தில் இரண்டும் ஒரே வினை. யாருக்கு முன்னால் குனிகிறார் என்பதை வைத்துத்தான் அது தொழுகையா மரியாதையா என்று முடிவாகிறது.

இதை நம் மொழிபெயர்ப்பாளர்கள் அழகாகக் கையாண்ட ஒரு இடம் சங்கீதம் 95:6. “நாம் பணிந்து குனிந்து முழங்காற்படியிடக்கடவோம் வாருங்கள்.” எபிரெயத்தில் மூன்று வினைகள், தமிழிலும் மூன்று வினைகள். வகுப்பில் இந்த வசனத்தை வாசித்தபோது எல்லாரும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். அதைக் கவனித்த ஒரு சின்னப் பெண் கேட்டே விட்டாள்: “அங்கிள், யாருமே குனியலையே?” அன்றிலிருந்துதான் எங்கள் வகுப்புக்குப் பாய் வந்தது.

இரண்டாவது வினை, வேலை செய்வது. ‘அவோதா’ என்றால் உழைப்பு. யாத்திராகமம் 1:13, 14 இரண்டு வசனங்களில் இந்த வேர் ஐந்து முறை வருகிறது. எல்லாம் சாந்து, செங்கல், வயல்வேலை என்று பார்வோனுக்குச் செய்யும் அடிமை உழைப்பு. பிறகு எரிகிற முட்செடியின் முன்னால் கடவுள் மோசேயிடம், இந்த மலையில் நீங்கள் தேவனுக்கு ஆராதனை செய்வீர்கள் என்கிறார் (3:12). அதே வேர். தமிழில் ஒரு இடத்தில் ‘வேலை’, இன்னொரு இடத்தில் ‘ஆராதனை’ என்று பிரிந்துவிட்டதால் நமக்கு இது கண்ணில் படுவதில்லை. யாருக்காக உழைப்பது என்ற இந்தச் சண்டைதான் யாத்திராகமம் முழுக்க ஓடுகிறது. பென்சிலால் இரண்டு வசனங்களையும் கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ‘ஹல்லேல்’. புகழ்வது, பெருமையாகச் சொல்வது. ‘அல்லேலூயா’ என்பது ‘ஹல்லெலூ’ (துதியுங்கள்) என்ற பன்மைக் கட்டளையும் ‘யா’ என்ற கடவுள் பெயரின் சுருக்கமும் சேர்ந்தது. அதாவது அது பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துச் சொல்லும் அழைப்பு. தனியாக அறையில் சொன்னாலும் யாரையோ கூப்பிடுகிறீர்கள். எபிரெய வேதத்தில் இந்தச் சொல் சங்கீதப் புத்தகத்தில் மட்டும்தான் வருகிறது, அதுவும் 104-ஆம் சங்கீதத்தின் கடைசியில்தான் முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. முதல் 103 சங்கீதங்களில் ஒரு அல்லேலூயாகூட இல்லை! நாங்கள் இரண்டு நிமிஷத்துக்கு ஒன்று சொல்கிற வழக்கம் உள்ளவர்கள், அதனால் இதைக் கண்டபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

நான்காவது, ‘யாதா’. இதிலிருந்து வருவதுதான் ‘தோதா’. இன்று இஸ்ரேலில் தேநீர் வாங்கும்போதுகூட நன்றி சொல்ல ‘தோதா’ என்பார்கள். லேயாள் நாலாவது மகனைப் பெற்றதும், இப்பொழுது கர்த்தரைத் துதிப்பேன் என்று சொல்லி யூதா என்று பெயர் வைத்தாள் (ஆதியாகமம் 29:35). அந்தப் பெயரும் இந்த வேரோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. இன்னொரு இடம்: திருடிய பொருளைக் கூடாரத்தில் புதைத்த ஆகானிடம் யோசுவா, கர்த்தரை மகிமைப்படுத்தி அவருக்கு ‘தோதா’ கொடு என்கிறான் (யோசுவா 7:19). தமிழில் அது ‘அறிக்கைபண்ணு’ என்று வருகிறது. நன்றி சொல்வதும் குற்றத்தை ஒப்புக்கொள்வதும் ஒரே சொல்லில் அடங்குவது நமக்கு விசித்திரமாகப் படலாம். இரண்டிலும் உண்மையை எதிரே நிற்பவர் முகத்துக்கு நேராக, வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஐந்தாவது, ‘பாராக்’, ஆசீர்வதிப்பது. “என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி” என்ற 103-ஆம் சங்கீதத்தின் முதல் வரியில் மூலத்தில் இருப்பது ‘ஆசீர்வதி’ என்ற சொல். மனிதன் கடவுளை ஆசீர்வதிப்பதா என்ற தயக்கத்தில் தமிழில் ‘ஸ்தோத்திரி’ ஆகிவிட்டது. ‘தோதா’வுக்கும் பல இடங்களில் ‘ஸ்தோத்திரம்’ என்றே போட்டிருக்கிறார்கள். ஒரே சொம்பில் பாலையும் மோரையும் ஊற்றிய கதைதான். 103-ஐ ஒரு தடவை முழுக்க வாசித்து, அதில் எத்தனை வேண்டுதல் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுகூட இருக்காது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. ‘ஏழு எபிரெயத் துதிச் சொற்கள்’ என்று அட்டவணை போட்டு, இந்தச் சொல் என்றால் கையை உயர்த்த வேண்டும், இந்தச் சொல் என்றால் மௌனமாக முழங்காலிட வேண்டும் என்று போதிப்பது பரவலாக இருக்கிறது. நானும் ஒரு காலத்தில் அதை அப்படியே கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்தியவன்தான். சொல்லின் பொருள் அது வரும் வாக்கியத்தில் இருக்கிறது, வேரில் மட்டும் இல்லை. ‘யாதா’வில் ‘கை’ என்ற சொல் ஒலிக்கிறது என்பதற்காக அது வரும் இடத்தில் எல்லாம் கை உயர்த்துவதாக எடுத்துக்கொள்ள முடியாது. நம் ‘கையெழுத்து’ என்ற சொல்லைப் பிய்த்து எவராவது இறையியல் செய்தால் நமக்குச் சிரிப்பு வராதா? அகராதியைத் திறக்கும் முன்னால் வசனத்தின் முன்னும் பின்னும் ஐந்து வரி படியுங்கள்.

மூன்றாம் படி: வாய்விட்டுப் படியுங்கள்

முதல் சங்கீதம், இரவும் பகலும் வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன் பாக்கியவான் என்கிறது. தியானம் என்றதும் நாம் கண்ணை மூடி அசையாமல் உட்காருவதை நினைக்கிறோம். மூலச்சொல் ‘ஹாகா’. ஏசாயா 31:4-இல் இரையைப் பிடித்த சிங்கம் உறுமுவதற்கும், 38:14-இல் எசேக்கியா புறாவைப் போலப் புலம்புவதற்கும் இதே சொல்தான். தொண்டையில் சத்தம் வர வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து பாடத்தை முணுமுணுத்து உருப்போடும் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள், சரியாக இருக்கும்.

சத்தமில்லாத ஜெபத்துக்கும் வேதத்தில் இடம் உண்டு. அன்னாள் சீலோவில் ஜெபிக்கும்போது உதடுகள் மட்டும் அசைந்தன, சத்தம் கேட்கவில்லை. ஆசாரியனான ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தான். அவள் பதில்: “நான் கர்த்தருடைய சந்நிதியில் என் இருதயத்தை ஊற்றிவிட்டேன்” (1 சாமுவேல் 1:15). பிற்கால யூத ரபீக்கள் தங்கள் மைய ஜெபத்தை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்கான விதிகளை இந்தப் பெண்ணிடமிருந்துதான் எடுத்தார்கள்: மனம் ஒன்ற வேண்டும், உதடு அசைய வேண்டும், சத்தத்தை உயர்த்தக் கூடாது. தலைமை ஆசாரியன் தப்பாகப் புரிந்துகொண்ட ஜெபம் பிறகு மாதிரி ஜெபமானது.

சத்தமாக வாசித்தால் எபிரெயக் கவிதையின் நடையும் தானாகப் பிடிபடும். எதுகை மோனையைத் தேடாதீர்கள், மொழிபெயர்ப்பில் அது நிற்காது. நிற்பது இன்னொன்று: ஒரு வரி சொன்னதை அடுத்த வரி வேறு சொற்களில் சொல்லி ஒரு அடி மேலே கொண்டுபோகும். “அவர் நம்முடைய பாவங்களுக்குத்தக்கதாக நமக்குச் செய்யாமலும், நம்முடைய அக்கிரமங்களுக்குத்தக்கதாக நமக்குச் சரிக்கட்டாமலும் இருக்கிறார்” (சங்கீதம் 103:10). இந்த இணைவரி அமைப்பை விரிவாக விளக்கி 1753-இல் நூலாக வெளியிட்டவர் இராபர்ட் லௌத் என்ற ஆங்கிலேயர். இரண்டு பேராக, ஒருவர் முதல் பாதியும் மற்றவர் இரண்டாம் பாதியுமாக வாசியுங்கள். 136-ஆம் சங்கீதத்தில் 26 வசனமும் ஒரே பல்லவியில் முடியும், அதை வீட்டில் எல்லாரும் சேர்ந்து சொல்லலாம்.

சில சங்கீதங்கள் எபிரெய அகரவரிசையில் எழுதப்பட்டவை. நம் ஆத்திசூடி உயிரெழுத்து வரிசையில் போவது போல. 119-ஆம் சங்கீதத்தில் 22 எழுத்துகளுக்கு எட்டெட்டு வசனம் என 176 வசனம் வருவது அதனால்தான். தமிழில் அந்த வரிசை தெரியாது என்பதால் ‘சொன்னதையே சொல்கிறதே’ என்று அலுப்பு வரும். ஒரு நாளைக்கு எட்டு வசனம் என்று வைத்துக்கொண்டால் அலுக்காது.

நான்காம் படி: தலைப்புகளையும் கருவிகளையும் பாருங்கள்

சங்கீதப் புத்தகத்துக்கு எபிரெயத்தில் ‘தெஹில்லீம்’ என்று பெயர், துதிகள். 150 சங்கீதங்கள் ஐந்து பகுதிகளாக இருக்கின்றன: 1–41, 42–72, 73–89, 90–106, 107–150. முதல் நான்கு பகுதிகளும் ஒரு சிறு துதியோடு முடியும். பலவற்றின் தலையில் ‘இராகத்தலைவனுக்கு’ என்று ஒரு குறிப்பு இருக்கும், அது ஆலயப் பாடகர் தலைவருக்கானது. 22-இன் தலைப்பில் வரும் ‘அயிலேத் சாகேர்’ என்பதற்கு ‘விடியலின் பெண்மான்’ என்று பொருள். அநேகமாக அந்தக் காலத்து மெட்டின் பெயர். ‘சேலா’ சங்கீதங்களில் 71 முறையும் ஆபகூக்கில் மூன்று முறையும் வருகிறது. பாடுகிறவர் நிறுத்தும் இடமா, வாத்தியம் ஏறும் இடமா என்று இன்றுவரை அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. நான் அந்த இடத்தில் ஒரு மூச்சு விட்டுத் தொடர்வேன்.

120 முதல் 134 வரையுள்ள பதினைந்துக்கு நம் வேதாகமத்தில் ‘ஆரோகண சங்கீதம்’ என்று தலைப்பு. சங்கீதம் படித்தவர்களுக்குச் சட்டென்று ஸரிகமபதநி ஞாபகம் வரும். இது சுரம் ஏறுவது இல்லை, ஆள் ஏறுவது. வருஷத்துக்கு மூன்று பண்டிகைகளுக்கு எருசலேம் மலைக்கு ஏறிப்போன யாத்திரிகர்களின் பாட்டுகள் என்றே பெரும்பாலோர் இவற்றைக் கொள்கிறார்கள். ஆலயத்தில் பதினைந்து படிகள் இருந்ததையும் இந்தப் பதினைந்து பாட்டுகளையும் யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சேர்த்துப் பேசுகிறது.

150-ஆம் சங்கீதத்தில் ஒரு சறுக்கல் காத்திருக்கிறது. “தம்புரோடும் நடனத்தோடும்” என்று வாசித்ததும் கச்சேரி மேடையில் பின்னால் மீட்டப்படும் தம்புராதான் நம் கண்முன் வரும். மூலத்தில் இருப்பது ‘தோஃப்’, கையில் பிடித்துத் தட்டும் சின்னப் பறை. கஞ்சிராவுக்கும் தப்புக்கும் நெருக்கமானது. செங்கடலைத் தாண்டியதும் மிரியாம் கையில் எடுத்தது அதுதான் (யாத்திராகமம் 15:20). பின்னாலேயே பெண்கள் எல்லாரும் ஆடிக்கொண்டு போனார்கள். தம்புராவை வைத்துக்கொண்டு அப்படி ஆட முடியுமா என்று யோசித்தாலே விளங்கிவிடும்.

ஐந்தாம் படி: முறையிடும் சங்கீதத்தைத் தாண்டிப் போகாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ‘துதிகள்’ என்று பெயர் வைத்த புத்தகத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருப்பது முறையீடு. ஆனால் நம் பாட்டுப் புத்தகங்களில் அது கிட்டத்தட்டக் கிடையாது. “இஸ்ரவேலின் துதிகளுக்குள் வாசமாயிருக்கிற” கடவுள் என்ற சொற்றொடர் நம் ஆராதனைகளில் எத்தனை முறை ஒலிக்கிறது! அது 22:3. இரண்டு வசனம் மேலே என்ன இருக்கிறது தெரியுமா? “என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?” கைவிடப்பட்டவன் ஒருவன், முன்னோர்களுக்குப் பதில் கிடைத்ததே, எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று வாதாடும்போது வரும் வரி அது. நாம் அதைக் கத்தரித்து மேடையில் ஒட்டிவிட்டோம்.

13-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனம். ஒரு வெள்ளைத் தாளில் கையால் எழுதுங்கள்.

முதல் இரண்டு வசனங்கள் கேள்வி. “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர்?” ‘எதுவரைக்கும்’ நான்கு முறை வருகிறது, நான்கையும் வட்டமிடுங்கள். முதல் இரண்டும் கடவுளைக் குற்றம் சாட்டுகின்றன, மூன்றாவது தன் மனசைப் பற்றியது, நான்காவது எதிரியைப் பற்றியது. வலி எங்கிருந்து எங்கே போகிறது என்று பாருங்கள். எதிரியிடமிருந்து தொடங்கவில்லை.

3, 4 வசனங்கள் வேண்டுதல். பார்த்தருளும், செவிகொடுத்தருளும், கண்களைத் தெளிவாக்கும். இங்கே காரணமும் சொல்கிறார்: நான் செத்துப்போனால் எதிரி ஜெயித்தேன் என்பானே. கடவுளிடம் காரணம் சொல்லி வாதாடுவது மரியாதைக் குறைவு என்று நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். சங்கீதக்காரருக்கு அந்தப் பாடம் நடக்கவில்லை.

5, 6 வசனங்களில் திருப்பம். “நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்.” 4-க்கும் 5-க்கும் நடுவில் என்ன நடந்தது? வசனம் சொல்லவில்லை. நிலைமை மாறியதாக ஒரு வார்த்தையும் இல்லை. ஆலயத்தில் ஒரு ஆசாரியன் ஆறுதல் வாக்கு சொல்லியிருக்கலாம் என்று சில அறிஞர்கள் ஊகிக்கிறார்கள். அந்த வெற்றிடத்தில் உங்கள் தாளில் இரண்டு விரல் இடைவெளி விட்டுவிடுங்கள். சிலருக்கு அது ஒரு நிமிஷம், சிலருக்கு மூன்று வருஷம்.

இப்போது இதே அமைப்பில் உங்கள் சொந்த முறையீட்டை எழுதுங்கள்: கூப்பிடுதல், குறை, வேண்டுதல், காரணம். நம்பிக்கை வரி வரவில்லையென்றால் எழுத வேண்டாம். 88-ஆம் சங்கீதம் அப்படித்தான் முடிகிறது. எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல் ‘இருள்’. அதற்கப்புறம் ஒரு ஆமென்கூட இல்லை. யாரோ அதை எடுத்துப் பத்திரமாகப் பாட்டுப் புத்தகத்தில் சேர்த்து, இராகத்தலைவனுக்கு என்று தலைப்பும் போட்டு வைத்திருக்கிறார்கள்.

137-இன் கடைசி வசனம், 109-ஆம் சங்கீதம் போன்ற சாப வரிகள் புதியவர்களைத் திடுக்கிட வைக்கும். என் யோசனை: முதல் வருஷம் அவற்றுக்கு விளக்கம் தேடி அலைய வேண்டாம். ஊர் எரிந்து, பிள்ளைகள் கொல்லப்பட்டு, சிறைபிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களின் வாய் அது என்று மட்டும் நினைவில் வைத்து வாசியுங்கள். பழியைத் தங்கள் கையில் எடுக்காமல் கடவுள் முன்னால் கொட்டுகிறார்கள் என்பது போகப்போகப் புரியும்.

ஆறாம் படி: நேரமும் உடம்பும்

“அந்திசந்தி மத்தியான வேளைகளிலும்” முறையிடுவேன் என்கிறது சங்கீதம் 55:17. தானியேல் பாபிலோனில் எருசலேமை நோக்கிய பலகணிகளைத் திறந்துவைத்துத் தினம் மூன்று வேளை முழங்காலிட்டார். சாலொமோன் ஆலயப் பிரதிஷ்டையில் நின்று, வானத்துக்கு நேராகக் கைகளை விரித்துத் தொடங்கினார், முடிக்கும்போது முழங்காலிலிருந்து எழுந்தார் (1 இராஜாக்கள் 8:22, 54). நெகேமியாவுக்கு இதற்கெல்லாம் நேரமில்லை. ராஜா கேள்வி கேட்கிறார், பதில் சொல்வதற்குள் ஒரு ஜெபம் (நெகேமியா 2:4). அலுவலகத்தில் மேலாளர் அறைக்குள் நிற்கும்போது நாம் செய்வதும் அதுதான்.

பழக வேண்டிய குறைந்தபட்சம்: காலையிலும் மாலையிலும் உபாகமம் 6:4–9. யூதர்கள் ‘ஷெமா’ என்று இன்றும் இரு வேளை சொல்லும் பகுதி இதில் தொடங்குகிறது. பிரதான கற்பனை எது என்று கேட்டபோது இயேசு சொன்ன பதிலும் இதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது (மாற்கு 12:29). இரவில் பிள்ளைகள் தலையில் கைவைத்து எண்ணாகமம் 6:24–26. எபிரெயத்தில் மொத்தம் 15 சொற்கள், மூன்று வரிகளில் மூன்று, ஐந்து, ஏழு என்று விரியும். 1979-இல் எருசலேமுக்கு வெளியே கெத்தேஃப் ஹின்னோம் என்ற இடத்துக் கல்லறையில் சுருட்டிய இரண்டு சின்ன வெள்ளித் தகடுகள் கிடைத்தன. அவற்றில் இந்த ஆசீர்வாதத்தின் வரிகள் கீறப்பட்டிருந்தன. இன்றைக்குச் சுமார் 2600 வருஷத்துக்கு முந்தியவை, அதாவது வேதவசனம் எழுதப்பட்டதாகக் கிடைத்தவற்றுள் மிகப் பழையவை. யாரோ ஒருவர் தாயத்து போலக் கழுத்தில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

ஏழாம் படி: பலியைப் பற்றிக் கொஞ்சம்

லேவியராகமத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். 7:12–15 மட்டும் படியுங்கள். அது ஸ்தோத்திர பலி, அதே ‘தோதா’. ஆபத்திலிருந்து தப்பியவன் ஒரு மிருகத்தோடு அதிரசங்களும் அடைகளும் கொண்டுவர வேண்டும். ஆமாம், நம் வேதாகமத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. தீபாவளி அதிரசத்தை நினைத்துவிடாதீர்கள், தேனைத் தகனபலியில் சேர்க்கக் கூடாது என்று 2:11-இல் தடையே இருக்கிறது. முக்கியமான விதி இதுதான்: இறைச்சியை அன்றே சாப்பிட்டு முடிக்க வேண்டும், விடியும்வரை மீதி வைக்கக் கூடாது. ஒரு ஆட்டையும் அத்தனை ரொட்டியையும் ஒரு குடும்பம் ஒரே நாளில் எப்படி முடிக்கும்? அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். கூப்பிட்டால் ‘என்ன விசேஷம்’ என்று கேட்பார்கள். அப்போது நடந்ததைச் சொல்ல வேண்டும். நம் சாட்சி நேரத்துக்கு அந்தக் காலத்தில் சாப்பாடும் உண்டு.

கி.மு. 586-இல் ஆலயம் இடிந்தது, பிறகு கட்டிய ஆலயம் கி.பி. 70-இல் இடிந்தது. பலிபீடம் இல்லாத ஜனம் எதைக் கொண்டுவரும்? ஓசியா 14:2 “எங்கள் உதடுகளின் காளைகளை” என்கிறது. எபிரெயர் 13:15-இல் அது ‘உதடுகளின் கனி’ ஆகிவிடுகிறது, பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு அப்படி வாசித்ததால்.

எட்டாம் படி: தீர்க்கதரிசிகளின் எச்சரிக்கை

சாலொமோன் விரித்த அதே கைகளைப் பற்றி ஏசாயா 1:15 என்ன சொல்கிறது என்று பாருங்கள். நீங்கள் கைகளை விரித்தாலும் என் கண்களை மறைக்கிறேன், உங்கள் கைகள் இரத்தத்தினால் நிறைந்திருக்கிறது. ஆமோஸ் 5:23 இன்னும் கடுமை: “உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று.” ஒலிபெருக்கி கூட்டும்போதெல்லாம் எனக்கு இந்த வசனம் நினைவுக்கு வரும். ஆனால் ஆமோஸின் புகார் சத்தத்தைப் பற்றியது இல்லை. ஏழையின் தானியத்தில் பங்கு பிடுங்கி, ஊர்வாசலில் வழக்கைப் புரட்டிவிட்டு வந்து பாடுகிறார்கள் என்பதுதான் (5:11, 12). இந்த இரண்டு அதிகாரங்களையும் சங்கீதங்களோடு சேர்த்தே படியுங்கள், தனியாகப் பிறகு என்று தள்ளினால் அந்தப் ‘பிறகு’ வராது.

ஒன்பதாம் படி: கிறிஸ்துவிடம் எப்போது வருவது

கிறிஸ்தவர்களான நமக்கு ஒவ்வொரு சங்கீதத்தையும் நேரே சிலுவைக்குக் கொண்டுபோகும் அவசரம் உண்டு. முதலில் அதைப் பாடியவர் வாயில் அது என்ன என்று கேட்டுவிட்டு வாருங்கள். இயேசுவும் அந்த வழியாகத்தான் வந்தார். கடைசி இராப்போஜனத்துக்குப் பிறகு ஸ்தோத்திரப்பாட்டைப் பாடிவிட்டு ஒலிவமலைக்குப் போனார்கள் என்று மத்தேயு 26:30 சொல்கிறது. பஸ்காவில் பாடும் ‘ஹல்லேல்’ என்ற பாட்டுத் தொகுதி சங்கீதம் 113 முதல் 118 வரை. அன்று பாடியதும் அதன் பிற்பகுதியாகவே இருக்க வேண்டும் என்று பலரும் கருதுகிறார்கள். அந்த எண்ணத்தோடு 118-ஐ வாசித்துப் பாருங்கள். சில மணி நேரத்தில் பிடிபடப்போகிற ஒருவர் வாயில் “இது கர்த்தர் உண்டுபண்ணின நாள்” என்ற வரி எப்படிக் கேட்கும்! சிலுவையில் 22-இன் முதல் வரியைத் தன் வீட்டுமொழியான அரமேயத்தில் கதறினார். உயிர்விடும்போது சொன்னது 31:5. எல்லாம் சின்ன வயதில் உருப்போட்டது.

இந்தச் சங்கீதங்களை இன்றும் ஜெபித்துக்கொண்டிருக்கும் ஒரு ஜனம் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. அவர்களுடைய ஜெபத்தை வெறும் முன்னுரையாகப் பேசுவது நம் மேடைகளில் சாதாரணம். கற்றுக்கொள்ள வந்த இடத்தில் அது அழகில்லை.

தொடங்க ஒரு வாரம்

நாளை காலையே ஆரம்பிக்கலாம். முதல் நாள் 1-ஆம் சங்கீதம், முணுமுணுத்து. இரண்டாம் நாள் 95, ஆறாவது வசனத்தில் நிஜமாகவே குனிந்து. மூட்டுவலிக்காரர்களுக்குத் தலைகுனிவு போதும். மூன்றாம் நாள் 13, தாளில் எழுதி. நான்காம் நாள் 136, வீட்டாரோடு மாற்றி மாற்றி. ஐந்தாம் நாள் ஆமோஸ் 5, அன்று பாட்டு வேண்டாம். யாருக்காவது தர வேண்டிய கூலியோ கடனோ பாக்கி இருந்தால் அன்றைக்குக் கொடுத்துவிடுங்கள். ஆறாம் நாள் 103, எதையும் கேட்காமல். ஏழாம் நாள் யாரையாவது சாப்பிடக் கூப்பிட்டு, நீங்கள் தப்பிவந்த ஒரு காரியத்தைச் சொல்லிவிட்டு 150-ஐ எல்லாரும் சேர்ந்து வாசியுங்கள். கையில் தப்போ கஞ்சிராவோ இருந்தால் நல்லது, இல்லையென்றால் எவர்சில்வர் தட்டு இருக்கவே இருக்கிறது.